பாய் சொன்னால் சரி

என் வீட்டுக்காரர் அமீர் ஜானை யாராவது நல்லவர் என்று சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வரும். நல்லவர், நல்லவர் என்று சொல்லியே அந்த மனிதரைப் பதினாலு வருஷம் வெயிலில் நிற்க வைத்தார்கள். நானும் ஒரு நாள்கூட வேண்டாம் என்று தடுத்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு இங்கிலீஷ் தெரியும். அதுதான் வினை. பழவேற்காட்டில் எங்கள் வீட்டு ஆட்கள் ஒரு காலத்தில் கப்பலில் சரக்கு அனுப்பியவர்கள் என்று பெருமை பேசுவார்கள். நான் வாக்கப்பட்டு வந்தபோது கப்பலும் இல்லை, சரக்கும் இல்லை, பெருமை மட்டும் பாக்கி இருந்தது. இவர் பத்தாவது முடித்துவிட்டு மெட்ராசில் ஒரு தோல் மண்டியில் கடிதம் எழுதும் வேலையில் ஆறு வருஷம் இருந்தார். மாமனார் படுத்த படுக்கையானதும் ஊருக்கு வந்தவர், அவர் மௌத்தான பிறகும் திரும்பிப் போகவில்லை. எழுபத்தொன்றில் ஏரியில் இறால் பெருக்கப் போகிறோம் என்று ஒரு திட்ட ஆபீஸ் திறந்தார்கள். அதில் தினக்கூலியாகச் சேர்ந்தார். வேலை என்னவென்றால், பெரிய அதிகாரிகள் ஜீப்பில் வந்து கரையில் நின்று இங்கிலீஷில் பேசுவார்கள். இவர் பக்கத்தில் நின்று அதைத் தமிழில் சொல்ல வேண்டும். ஜனங்கள் பேசுவதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். வந்த அதிகாரிகளில் பாதிப் பேர் வடக்கத்திக்காரர்கள். மீதிப் பேருக்குத் தமிழ் வரும், ஆனால் ஜீப்பை விட்டு இறங்கினால் வராது.

முதல் கூட்டம் மேற்குக் கரையில் நடந்தது. அங்கே தண்ணீர் ஆழமில்லை, எல்லாம் சேறு. பவுனம்மாளும் இன்னும் முப்பது பெண்களும் அந்தச் சேற்றில்தான் கையால் இறால் பிடித்தார்கள். படகு கிடையாது, வலை கிடையாது. ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, அடியைத் தடவித் தடவிப் பிடித்துப் பறிக்குள் போடுவார்கள். அந்தச் சேறு இல்லையென்றால் அவர்களுக்கு அடுப்பு எரியாது. அவர்களைப் பார்த்துத்தான் அந்த அதிகாரி, இறால் உங்களுடைய பிரெட் அண்ட் பட்டர் என்று சொன்னாராம். இவர் மண்டியில் கடிதம் எழுதிய ஆள், கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. பதற்றத்தில், "இறால்தான் உங்க ரொட்டியும் வெண்ணெயும்னு ஆபீசர் சொல்றாரு" என்று அப்படியே சொல்லிவிட்டார்.

"யாருக்கு பாய் ஒடம்பு சரியில்ல?" என்று பவுனம்மாள் கேட்டாளாம்.

கேட்க மாட்டாளா? எங்கள் பக்கம் காய்ச்சலில் விழுந்தால்தான் ரொட்டி. பொன்னேரிக்குப் போய்வருகிறவர் யாராவது வாங்கி வருவார்கள், டீயில் நனைத்துக் கொடுப்போம். வாய் கசந்தவர்கள் அதையும் பாதி தின்று வைத்துவிடுவார்கள். பெண்கள் சிரித்ததும் அதிகாரி ஏன் சிரிக்கிறார்கள் என்று கேட்க, இவர் சந்தோஷத்தில் சிரிக்கிறார்கள் சார் என்று சமாளித்துவிட்டு, வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். பிரெட் அண்ட் பட்டர் என்றால் பிழைப்பு என்று அர்த்தமாம். அதைப் பிழைப்பு என்று சொல்லித் தொலைந்தால் என்ன என்று நான் கேட்டேன். அதற்கு எதற்கு ரொட்டி, வெண்ணெய் எல்லாம்?

அதற்கப்புறம் அவர் தேறிவிட்டார். எந்த அதிகாரி வந்தாலும் அந்த வார்த்தை இல்லாமல் பேச்சு இல்லை. நைலான் வலை கொடுக்க வந்தவர், வலைதான் மீனவனுக்குப் பிரெட் அண்ட் பட்டர் என்றார். மோட்டார் படகு பற்றிப் பேச வந்தவர், படிப்புதான் உங்கள் பிள்ளைகளுக்குப் பிரெட் அண்ட் பட்டர் என்றார். படகு மட்டும் வரவே இல்லை. இன்னொருவர், உங்கள் பிரெட் அண்ட் பட்டரில் கை வைக்க மாட்டோம் என்றார். இவர் ஒவ்வொன்றுக்கும் ஏற்றபடி பொழப்பு என்பார், கஞ்சி என்பார். கை வைக்க மாட்டோம் என்பதற்கு, "உங்க வயித்துல அடிக்க மாட்டாங்க" என்பார். அழகாகத்தான் சொன்னார். அதிகாரி இங்கிலீஷில் ஒப்புக்குச் சொன்னது இவர் வாயில் விழுந்து தமிழாக வெளியே வரும்போது சத்தியம் மாதிரி ஆகிவிடும். பவுனம்மாள் அதிகாரியின் முகத்தையே பார்க்க மாட்டாள், இவர் முகத்தைத்தான் பார்ப்பாள். "பாய் சொன்னாச் சரி" என்று எழுந்து போவாள்.

அதிகாரிகளுக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். ஊரில் அவர்கள் உட்கார்ந்து சாப்பிட வேறு இடம் கிடையாதாம். நான் விடியற்காலையிலிருந்து அடுப்படியில் வெந்து, இறால் வறுத்து, சோறு வடித்துக் கொடுப்பேன். சாப்பிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டே ஒருவர் இவர் தோளில் தட்டி, "ட்ரான்ஸ்லேஷன்தான் உனக்குப் பிரெட் அண்ட் பட்டர், இல்லையா அமீர்?" என்று கேட்டது எனக்குத் திரைக்குப் பின்னால் கேட்டது. இவரும் ஆமாம் சார் என்று சிரித்தார். வேலையை நிரந்தரம் பண்ணுகிறேன் என்று அவரும் சொல்லிவிட்டுப் போனார், அவருக்கு முன்னால் வந்தவரும் சொன்னார். நான் எப்போதாவது கத்தினால், "இன்னா பண்றது ஜைனம்பு, இதுதானே நம்ம பிரெட் அண்ட் பட்டர்" என்று என்னிடமே அதைச் சொல்வார். எனக்கு வாயில் நல்லதாக எதுவும் வராது. போய்ப் பாத்திரம் தேய்ப்பேன்.

எண்பத்து மூன்றில் ஒரு அதிகாரி மேற்குக் கரையில் இறால் பண்ணை போட வேண்டும் என்று வந்தார். சேற்றைச் சுற்றி மண் கரை எழுப்பி, உள்ளே இறால் வளர்ப்பார்களாம். பெண்கள் சம்மதம் என்று கைநாட்டு வைக்க வேண்டும். சித்திரை மாதம், பகல் இரண்டு மணி. இவருக்கு அன்றைக்குக் காலையிலிருந்தே தலைவலி. பெண்கள் கேட்டதையே கேட்டார்கள்: கரை போட்டால் நாங்கள் எங்கே இறங்குவது? அதிகாரியும் சொன்னதையே சொன்னார்: உங்கள் பிரெட் அண்ட் பட்டரைத் தொட மாட்டோம். இவரும் வயிற்றில் அடிக்க மாட்டார்கள் என்று மூன்று தரம் சொல்லிவிட்டார்.

நாலாவது தரம் பவுனம்மாள், "அவரு சொல்றது கெடக்கட்டும் பாய். நீ சொல்றியா?" என்று கேட்டாள்.

"நான் சொல்றேன். வையி" என்றார் இவர்.

அவ்வளவுதான் அவர் செய்தது. காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்கே தெரியாது. படித்துப் பார்க்கிறேன் சார் என்று கேட்க நாக்கு எழவில்லை என்று பிறகு சொன்னார். கேட்டால் சந்தேகப்படுவதாக ஆகிவிடுமாம். நிரந்தரம் கிடைக்கும் என்ற நப்பாசையும் இருந்தது, அதையும் அவரே சொன்னார். வீட்டுக்குப் போனால் போதும், கண்ணை மூடிப் படுத்தால் போதும் என்று இருந்ததாம்.

நாலு மாதத்தில் மண் கரை எழும்பிவிட்டது. முள்கம்பி கட்டி, வெளியூர்க் காவல்காரன் ஒருவனைத் தடியோடு போட்டார்கள். இறங்கப் போன பெண்களை அவன் விரட்டினான். இவர் ஆபீசுக்கு ஓடினார். கைநாட்டு வாங்கிய அதிகாரிக்கு மாற்றலாகிவிட்டது. ஃபைலைப் புரட்டிக் காகிதத்தைப் படித்தார். அந்த இடத்தில் தங்களுக்கு எந்தப் பாத்தியதையும் வேண்டாம் என்று பெண்களே மனமுவந்து எழுதிக் கொடுத்ததாக அதில் இருந்தது. அன்று வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர், பொழுது சாய்ந்து மக்ரிபு பாங்கு சொல்லும் வரைக்கும் எழவில்லை.

யாரும் வந்து சண்டை போடவில்லை. வந்து மண்ணை வாரித் தூற்றியிருந்தால் நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். பவுனம்மாள் தினமும் எங்கள் கொல்லைக் கதவுக்கு வந்து இறால் கொடுப்பவள், வருவதை நிறுத்திவிட்டாள். பெண்கள் வடக்கே, சுண்ணாம்புக்குளம் போகிற பக்கம், ரெண்டு மணி நேரம் நடந்து போய் அங்கே மிச்சமிருந்த கொஞ்சம் சேற்றில் இறங்கினார்கள். அங்கே கிளிஞ்சல் அதிகம், கையெல்லாம் கிழிந்துவிடும். ஒரு நாள் கடைத்தெருவில் எதிரே வந்தாள். விரலில் துணி சுற்றியிருந்தது. என்னைப் பார்த்து, "நல்லாக்கீறியா அக்கா?" என்று கேட்டுவிட்டு நிற்காமல் போனாள்.

வேலையை விட்டுவிடுங்கள் என்று அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூத்தவள் பரீதாவுக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்த நேரம்.

எண்பத்தைந்து ஐப்பசியில் புது அதிகாரி வந்தார். சின்ன வயசு, மரியாதை தெரிந்த பிள்ளை. என்னைக்கூட அம்மா என்று கூப்பிட்டது. வடக்கே மிச்சமிருக்கும் சேற்றையும் பண்ணையோடு சேர்க்க வேண்டும், மறுபடியும் கைநாட்டு வேண்டும். மழை விட்டு விட்டுப் பெய்ததால் பெண்களை எங்கள் வீட்டு முற்றத்துக்கே வரச் சொல்லிவிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. முப்பது பேரும் வந்து சுவரோரமாக உட்கார்ந்தார்கள். காபி கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, குடித்தார்கள். நான் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அதிகாரி எழுந்து ஏதோ பேசினார். இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

"பாய், நீ சொல்லாத" என்றாள் பவுனம்மாள்.

கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். "அவரே பேசட்டும். நாங்க கேட்டுக்கிறோம்."

"அவரு இங்கிலீஷ்ல பேசறாரு பவுனு. உங்களுக்குப் புரியாது."

"புரியாட்டிப் போவுது. நீ சொன்னப்ப புரிஞ்சிதே, இன்னா ஆச்சு?"

அதிகாரி என்ன சொல்கிறார்கள் என்று இவரைக் கேட்டார். நான் சொல்வதைக் கேட்க விருப்பமில்லை என்கிறார்கள் சார், உங்களையே பேசச் சொல்கிறார்கள் என்று அதையும் இவர்தான் இங்கிலீஷில் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிவிட்டு ரெண்டு எட்டு பின்னால் போய், நிலைப்படியில் சாய்ந்து நின்றார். எனக்கும் அவருக்கும் நடுவில் திரை மட்டும்தான். அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

அந்தப் பிள்ளை பாவம், தயங்கித் தயங்கிப் பேச ஆரம்பித்தது. கையை ஆட்டி, ஏரிப் பக்கம் காட்டி, காகிதத்தைக் காட்டி, பத்து நிமிஷம் இருக்கும். பெண்கள் ஒருத்தியும் அசையவில்லை. ஒரு வார்த்தை தெரியாத பாஷையை அப்படி ஊன்றிக் கேட்டவர்களை நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் பேசியபோதுகூட அவர்கள் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. பேச்சு முடியப் போகிற நேரம் அந்தப் பிள்ளை நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, பதினாலு வருஷமாக அவர்கள் காதில் விழுந்த அந்தப் பிரெட் அண்ட் பட்டரைச் சொன்னது.

பவுனம்மாள் எழுந்துவிட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். காலித் தம்ளர்களை ஒழுங்காகச் சுவரோரம் வைத்துவிட்டு ஒவ்வொருத்தியாக வெளியே போனார்கள். மை டப்பா திறந்தது திறந்தபடி மேசை மேல் இருந்தது. அதிகாரி, நான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா என்று இவரைக் கேட்டார். இல்லை சார் என்றார் இவர். வேறு என்ன சொல்வார்?

நான் அடுக்களை வழியாகக் கொல்லைக்கு ஓடிப்போய்ச் சந்து முனையில் பவுனம்மாளைப் பிடித்துக்கொண்டேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. முக்காடு நனைந்தது. என்ன சொல்வது என்று யோசிக்காமலே ஓடியிருந்தேன்.

"அவரு வேணும்னு பண்ணல பவுனு. அல்லா சாட்சியா சொல்றேன். அந்தக் காயிதத்துல இன்னா இருந்துச்சுன்னு அவருக்கே தெரியாது."

"தெரியும் அக்கா" என்றாள். என் கையை விலக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டாள். கை முழுக்கத் தழும்பு. "பாய் நல்லவருதான். யாரு இல்லன்னது? கெட்டவன் எவனாவது வந்து சொல்லியிருந்தா நாங்க கைநாட்டே வெச்சிருக்க மாட்டோம்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். திரும்பினேன். என்னைத் தேடிக்கொண்டு வந்த இவர் கொல்லைக் கதவில் கை வைத்தபடி நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருந்தது. மறுநாளே வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார், நானும் ஏன் என்று கேட்கவில்லை. ஆனால் அந்த ராத்திரி தட்டில் சோற்றைப் போட்டுக்கொடுத்தால் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அவள் வாய் நிறையத் திட்டியிருந்தால் அன்றைக்கு ஒரு வாயாவது சாப்பிட்டிருப்பார்.