டேங்கர் ஏழின் ஓட்டுநர்

வெர்னா ஹுட்னிக்கின் சமையலறையில், பிரிட்ஜ் மேல் இருக்கும், அவசர அழைப்புகளை ஒலிபரப்பும் பழைய ரேடியோ ஸ்கேனர் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை. மாவட்டத்தில் எங்கே தீ, எங்கே ஆம்புலன்ஸ் என்று அது கரகரத்துக்கொண்டே இருக்கும். பென்சில்வேனியாவின் அந்த மலையூரில் சம்பளத்துக்குத் தீயணைப்பவர் கிடையாது. அழைப்பு வந்தால் ஊர்க்காரர்களே போட்டது போட்டபடி ஓடவேண்டும்.

நாற்பது வருடம் அப்படி ஓடியவர் அவள் கணவர் எமில். பிப்ரவரியில் இதயத்தில் ஸ்டென்ட் வைத்த மறுநாளே, தீ அழைப்பு வரும் அவருடைய பேஜரை வெர்னா பறிமுதல் செய்துவிட்டாள். எமில் ஸ்கேனருக்குக் கீழே நாற்காலி போட்டுக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. அவர்கள் ஊர்த் தீயணைப்புச் சங்கத்துக்கே உரிய இரண்டு பீப் ஒலி வந்தது. ரோமிக் பண்ணையில் தீ, கொட்டகைக்குள் முப்பது மாடு. முதல் வண்டி போய்விட்டது. தண்ணீர் டேங்கரை எடுக்கத்தான் ஆளில்லை. எல்லோரும் பக்கத்து நகரத்தில் வேலையில் இருந்தார்கள். இரண்டாம் முறை அழைத்தார்கள். பதில் இல்லை. மூன்றாம் முறையும் யாரும் வராவிட்டால் அழைப்பு அடுத்த ஊருக்குப் போகும். அவர்கள் வர இருபத்தைந்து நிமிடம். அதற்குள் கொட்டகை சாம்பலாகிவிடும்.

எமில் எழுந்தார்.

"எங்க கிளம்பிட்ட?"

"கால் மரத்துப்போச்சு."

"மரத்த காலு வாசலுக்கா போவும்? உக்காரு."

"ரோமிக்கோட மாடுங்க, வெர்னா."

"எனக்கும் காது இருக்கு." அவள் ஏப்ரனை அவிழ்த்து, திரும்ப உட்கார்ந்த அவர் மடியில் போட்டாள். "டேங்கர நான் எடுக்கறேன்."

"ஊர்த் திருவிழா ஊர்வலத்துல அத ஓட்டிக்கிட்டு புள்ளைங்களுக்கு மிட்டாய் எறியறதும் இதுவும் ஒண்ணா?"

"இருபத்தெட்டு வருஷம் ஸ்கூல் பஸ்ஸ இந்த மேட்டுல பனியில ஏத்துனவ நான். தண்ணியாவது வாந்தி எடுக்காது."

அவள் கார் தீயணைப்பு நிலையத்துக்கு உறுமிக் கிளம்பியது. ஆறாவது நிமிடம் ஸ்கேனர் பெட்டியில் வெர்னாவின் குரல்: "டேங்கர் ஏழு கிளம்பியாச்சு. ஓட்டறது வெர்னா ஹுட்னிக்." வானொலியில் பெயர் சொல்லக்கூடாது என்பது விதி. மாவட்டமே கேட்டிருக்கும். எமிலுக்குச் சிரிப்பு வந்தது.

அப்புறம் பெட்டி அவளைப்பற்றிப் பேச்சையே எடுக்கவில்லை. எங்கோ யாரோ வழுக்கி விழுந்தார்கள். ஒரு போலீஸ்காரர் யாருடைய நம்பர் பிளேட்டையோ வாசித்தார். எமில் இருவரையும் திட்டினார். கல்குவாரி வளைவில் பிரேக் பிடிக்குமா? எரிகிற வீட்டுக்குள் நுழைந்தபோதுகூட அவர் இப்படிப் பயந்ததில்லை.

"டேங்கர் ஏழு பண்ணைக்கு வந்து சேர்ந்தாச்சு."

மத்தியானம் புகை நாற்றத்தோடு வெர்னா உள்ளே வந்தாள். "மாடெல்லாம் பொழைச்சுது. கூரைதான் பாதி போச்சு."

எமில் அவளையே பார்த்தார். "நாப்பது வருஷமா நீ இங்க இப்பிடித்தான் உக்காந்திருந்தியா?"

"உக்காந்தா? நின்னுக்கிட்டிருந்தேன்."