எட்டுக் கோட்டு வண்டி

கனவில் நான் நன்றாக ஓட்டுவேன். சுருளிப்பட்டியிலிருந்து கிளம்பினால் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று ஊர்கள் தாமாகவே வழிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கியர் போட வேண்டியதில்லை. எதிரே வாழைத்தார் லாரி வராது. பன்னீர் திராட்சை வாசனை மட்டும் ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருக்கும். விடிந்ததும் பார்த்தால் அதே வண்டி வாசலில் வெள்ளையாக நிற்கும். நான் அதைச் சுற்றிக்கொண்டு போய்க் கம்பத்துக்குப் பஸ் ஏறுவேன். வண்டி என் பேரில் இருந்தது. லைசென்ஸ் என் கைப்பையில் இருந்தது. ஓட்டுவது மட்டும் என் வீட்டுக்காரர். அதை ஒரு தடவையாவது நானே ஓட்ட வேண்டும் என்பதைத் தவிர அந்த வீட்டில் எனக்குப் பெரிய குறை எதுவும் இருந்ததில்லை.

வண்டி என் பேரில் வந்ததற்கு என் மேல் இருந்த பிரியம் காரணமில்லை. அவருக்கு ஏழரைச் சனி தொடங்கிய வருடம் அது. அவர் பேரில் இரும்பு வாங்கக் கூடாது என்று ஜோசியர் சொல்லிவிட்டார். வீட்டில் இருந்தவர்களின் ஜாதகங்களை எல்லாம் புரட்டிப் பார்த்ததில் என் ராசிதான் அப்போதைக்குச் சுத்தமாக இருந்ததாம். அதனால் நான் உரிமையாளர் ஆனேன். எங்கள் பக்கத்தில் இப்படி ராசியால் வண்டிக்காரி ஆன பெண்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறோம். பாதிப் பேர் முன்சீட்டில் உட்கார்ந்ததுகூடக் கிடையாது.

குச்சனூர் சனீஸ்வரன் கோயிலில் பூஜை போட்டோம். நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, என் பேருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்தார்கள். அங்கேதான் என் மாமியார் ஒரு சட்டம் போட்டார்.

"ஏத்தா, வண்டி ஓன் ராசியில வந்தது. எங்கன கெளம்புனாலும் மொதச் சாவிய நீதான் திருகணும்."

அன்று முதல் அதுதான் வழக்கம். விசேஷ வீடு, சந்தை, ஆஸ்பத்திரி எதுவானாலும் முதலில் நான் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருக வேண்டும். எஞ்சின் உறுமும். ஸ்டியரிங் என் உள்ளங்கையில் லேசாக நடுங்கும். அந்த நடுக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். "சரி, எறங்கு" என்பார் அவர். இறங்கிச் சுற்றி வந்து இடது பக்கம் ஏறிக்கொள்வேன். சாப்பிடக் கூப்பிட்டு இலை போட்டு, உப்பு மட்டும் வைத்துவிட்டு எழுப்பிவிடுகிற மாதிரி இருக்கும்.

"நான் ஓட்டுறேனே" என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"நீ ஓட்டிப் பழகுனது சின்னக் காரு. இது யானை. ஓங் கைக்கு அடங்காது."

யானை என்று அவர் சொன்னது பொய்யில்லை. ஒரு ஜப்பான் கம்பெனி நம் நாட்டில் முதன்முதலாக இறக்கிய மாடல் அது. பெட்டி மாதிரி சதுரமாக, எந்த அலங்காரமும் இல்லாமல் இருக்கும். அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் அதற்கு இருந்த மரியாதை வேறு எதற்கும் இருந்ததில்லை. ஒரு கல்யாண வீட்டையே உள்ளே அடைத்துக்கொண்டு குமுளி மலையில் முனகாமல் ஏறும். கம்பத்து மெக்கானிக் ஒருவர், "இந்த வண்டி வச்சிருக்கவுக எல்லாம் எங்கிட்ட டீ குடிக்கத்தான்க்கா வர்றாக" என்று வருத்தப்பட்டுச் சொன்னார்.

எங்களுக்கு அதை விற்றவர் உத்தமபாளையத்து ஏலக்காய் வியாபாரி. பல வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர். நாங்கள் பாய் என்போம், அவர் என்னைத் தங்கச்சி என்பார். "தம்பி, அங்கன மணல்ல பொதஞ்சு கெடந்த வண்டியத் தோண்டி எடுத்துச் சாவியப் போட்டாக. கெளம்பிருச்சு. எங் கண்ணால பாத்தேன்" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். அந்தக் கதையை அவர் சொல்லும் ஒவ்வொரு முறையும் மணலின் உயரம் கூடிக்கொண்டே போகும். பழைய வண்டியைத் தள்ளிவிடப் பேசுகிறார் என்று முதலில் நினைத்தேன். அடுத்த வாரமே அதே கம்பெனியின் புது மாடலில் வந்து எங்கள் வாசலில் இறங்கினார். பிறகு நம்பினேன்.

நான் பள்ளியில் வரலாறு நடத்துகிறவள். எதைப் பார்த்தாலும் இது எங்கிருந்து வந்தது என்று தேடாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஓட்டக் கிடைக்காத வண்டியைப் பற்றிப் படிக்கவாவது செய்யலாம் என்று பஸ்ஸில் போகும்போது போனில் படித்துக்கொண்டே போவேன். அந்தக் கம்பெனியின் ஆதி, கார் இல்லை. தறி. ஒரு தச்சரின் மகன், தன் தாய் தறியில் படும் பாட்டைப் பார்த்து, அதை எப்படி லேசாக்கலாம் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் அவர் செய்த இயந்திரத் தறி, ஓர் இழை அறுந்தாலும் தானாக நின்றுவிடுமாம்.

அதைப் படித்தபோது நான் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். நான் பிறந்தது ஆண்டிபட்டிப் பக்கம், தறி ஓடுகிற வீடு. ஓடிக்கொண்டிருக்கும் தறியில் ஓர் இழை அறுந்ததைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கெஜக்கணக்கில் துணி வீணாகும், அதன் பிறகு வீட்டில் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். தப்பு நடந்தால் நின்றுவிடு என்று ஒரு மனிதர் மரத்துக்கும் இரும்புக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். தறி விற்ற காசை வைத்துத்தான் அவருடைய மகன் கார் செய்யப் பார்த்தாராம். பின்னால் கார் தொழிற்சாலையிலும் அதே பழக்கம் தொடர்ந்தது. எங்கோ ஒரு பிசகு கண்ணில் பட்டால், அங்கே வேலை பார்க்கும் யாரும் ஒரு கயிற்றை இழுத்து மொத்த வரிசையையும் நிறுத்தலாம். அதற்குப் பிறகு அந்தச் சதுர வண்டியைப் பார்க்கும்போதெல்லாம், எங்கள் சொந்தக்காரர் யாரோ ரொம்ப தூரத்திலிருந்து வந்து நிற்கிற மாதிரி எனக்குத் தோன்றும்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். மேற்கொண்டும் படித்தேன்.

வண்டி வந்த ஆறாவது வருட ஐப்பசி மழை எங்களைச் சோதித்துவிட்டது. திராட்சை நிறம் பிடிக்கிற நேரத்தில் விடாமல் பெய்து, பந்தலில் பழமெல்லாம் வெடித்துத் தொங்கியது. ஈ மொய்த்தது. என் வீட்டுக்காரர் தோட்டத்துக்குப் போவார், அண்ணாந்து பார்ப்பார், திரும்பி வருவார். சாப்பாடு குறைந்தது. படுத்தாலும் கண் மூடுவதில்லை. பக்கத்தில் படுத்திருக்கும் எனக்கு அவர் விழித்திருப்பது மூச்சிலேயே தெரியும். கார்த்திகையிலும் அப்படித்தான் இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று வண்டியின் வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்தேன். தறி, தச்சர், கயிறு எல்லாம் சொன்னேன். சுவாரசியமாகத்தான் கேட்டார். அந்த உற்சாகத்தில் கம்பெனிப் பேரின் கதைக்கு வந்தேன்.

"குடும்பப் பேரத்தான் மொதல்ல வச்சிருந்தாகளாம். பெறகு ஒரு எழுத்த மாத்திட்டாக. மாத்துனா, அவுக எழுத்துல எட்டே கோட்டுல எழுதிறலாமாம். அவுக ஊர்ல எட்டுன்னா ராசி. நம்மளுக்கு மேல இருக்காக பாருங்க."

காபி டம்ளர் அவர் கையிலேயே நின்றது.

"எட்டா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊர்க் கணக்கில் எட்டு, சனியின் எண். இந்த மனிதர் போன் நம்பரைக்கூடக் கூட்டிப் பார்த்து எட்டு வராமல் வாங்கினவர். பாய் வண்டியைக் காட்டியபோது எஞ்சினைப் பார்ப்பதற்கு முன்னால் நம்பர் பிளேட்டைக் கூட்டிப் பார்த்தவர். கம்பெனியின் பேருக்குள்ளேயே எட்டு உட்கார்ந்திருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"எனக்கு ஏழரை இன்னும் வெலகல, பாதச் சனி நடக்குது. எட்டக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஊரெல்லாம் சுத்தியிருக்கேன். பந்தல்ல பழம் எதுனால வெடிச்சிச்சு?"

"மழையில."

"மழை எதுனால பேஞ்சிச்சு?"

இதற்குப் புவியியல் டீச்சர்தான் பதில் சொல்ல வேண்டும். நான் ஜப்பானில் அது நல்ல எண் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "நம்ம இருக்கது சுருளிப்பட்டி" என்றார். அன்றிலிருந்து அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. வண்டியை விற்பது என்று முடிவாயிற்று. பெரியகுளத்தில் மாந்தோப்புக் குத்தகை எடுக்கும் ஒருவர் இதே மாடலை வருடக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தாராம். போனிலேயே பேச்சு முடிந்தது. கொண்டுவந்து காட்டினால் அன்றைக்கே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. என் வாயால் கெட்டது என்பது ஒரு பக்கம். ஒரு தடவைகூட ஓட்டாமலே என் வண்டி என்னை விட்டுப் போகப் போகிறது என்பது இன்னொரு பக்கம். இரண்டு நாள் எல்லாருக்கும் சாம்பாரில் உப்பில்லாமல் போட்டேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

வண்டியைப் பெரியகுளம் கொண்டு போவது யார் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது. அவர் தொட மாட்டார். வழக்கமாக மாற்றுக்கு வரும் டிரைவர் மாலை போட்டு மலைக்குப் போயிருந்தார். கார்த்திகை மாதத்தில் எங்கள் பக்கம் டிரைவரைத் தேடுவது, தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையைத் தேடுவது மாதிரி. கூடத்தில் எல்லாரும் யோசித்துக்கொண்டிருந்தோம். பூண்டு உரித்துக்கொண்டிருந்த மாமியார் தலையைத் தூக்காமல் சொன்னார்.

"அவ பேர்லதான இருக்கு. அவள எந்தச் சனியும் ஒண்ணும் பண்ணாது. அவளே ஓட்டட்டும்."

என் வீட்டுக்காரர் கும்பிடுகிற நியாயப்படியே அதை மறுக்க வழியில்லை. எனக்கு மாமியாரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பூண்டு வாசனை என்பதால் செய்யவில்லை.

மறுநாள் காலையில் கிளம்பினோம். அவர் இடது பக்கம் ஏறிக் கதவைச் சாத்தி, பெல்ட்டை மாட்டி, மேலே இருந்த கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கம்பம் தாண்டும்வரை "பாத்து", "பிரேக்கு", "ஆரன் அடி" என்ற மூன்று வார்த்தையைத் தவிர வேறு பேசவில்லை. எனக்கு அவையும் சரியாகக் கேட்கவில்லை. வண்டி கையில் அடங்கியிருந்தது. யானைதான், ஆனால் காது கேட்கிற யானை. கிளட்ச்சை விட்டால் பொறுமையாக நகர்ந்தது, மிதித்தால் மறுபேச்சில்லாமல் நின்றது. இவ்வளவு நாளும் என்னிடமிருந்து எதைப் பெரிய வித்தை என்று ஒளித்து வைத்திருந்தார்கள் என்று சிரிப்பாக வந்தது.

மழை விட்ட வானம். மேகமலையின் இடுப்பில் பஞ்சு பஞ்சாக மேகம் தங்கியிருந்தது. இரண்டு பக்கமும் இரண்டாம் போக நாற்று, அதற்கு அந்தப் பக்கம் தென்னை, அதற்கும் மேலே மலை. நாங்கள் பள்ளத்தாக்கை விட்டு இறங்கிக்கொண்டிருந்தோம். எதிரே மாலை சாத்திய வண்டிகள் சரணம் போட்டுக்கொண்டு குமுளியைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தன. ஊரே ஒரு பக்கம் போக நான் மட்டும் எதிர்ப்பக்கம் மிதந்து போவது போலிருந்தது. உத்தமபாளையத்தில் ஆற்றுக் காற்று ஈரமாக உள்ளே வந்தது. ஜன்னலை ஏற்றிவிட்டு ஏ.சி.யைப் போட்டேன். எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்பது கொஞ்ச நேரம் என் நினைவிலேயே இல்லை. சந்தோஷமாக இருந்தேன். அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் தனியாக அனுபவித்ததில்லை.

சின்னமனூர் தாண்டி வெகுநேரமாக "பாத்து" என்ற சத்தம் வரவில்லையே என்று திரும்பினேன். கைப்பிடியிலிருந்து அவர் கை நழுவி மடியில் கிடந்தது. தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்து, ஒரு சின்னக் குறட்டை. தூங்கிவிட்டார். ஐப்பசியிலிருந்து தூங்காத மனிதர், நான் ஓட்டுகிற வண்டியில் தூங்கிவிட்டார்.

வீரபாண்டியில் ஒரு பள்ளத்தைக் கண்டு அவ்வளவு மெல்ல இறக்கி ஏற்றினேன். தேனிக்குள் ஆரன் அடிக்கவே இல்லை. பின்னால் வந்த பஸ்காரர் என்னைத் திட்டியிருப்பார், திட்டிவிட்டுப் போகட்டும்.

லட்சுமிபுரம் தாண்டும்போது என் போன் அடித்தது. ஓரமாகப் புளியமரத்தடியில் நிறுத்தி, தணிந்த குரலில் பேசினேன். பெரியகுளத்துக் குத்தகைக்காரர்தான். நான்தான் ஓட்டி வருகிறேன் என்று சொல்லி என் நம்பரைக் கொடுத்திருந்தோம்.

"எங்கன வர்றீகக்கா? ஆள வச்சுக்கிட்டுக் காத்திருக்கேன்."

என்ன சொல்வது என்று முன்கூட்டி யோசித்ததெல்லாம் கிடையாது. இடது பக்கம் பார்த்தேன். அவர் நெற்றியில் இத்தனை நாளாக இருந்த சுருக்கம் காணாமல் போயிருந்தது.

"மன்னிச்சுக்கங்கண்ணே. வண்டி எம் பேர்ல இருக்கு. நான் கொடுக்கல."

அவர் ஏதேதோ சொன்னார். நியாயமான கோபம்தான். கேட்டுக்கொண்டு போனை வைத்தேன். பக்கத்தில் குறட்டை நின்றிருந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார், இப்போது கண்ணைத் திறப்பார், நடுரோட்டில் சண்டைதான் என்று நினைத்தேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"ஏ.சி.யக் கொஞ்சம் கொற. குளுருது."

குறைத்தேன்.

"லாரி வருதான்னு பாத்துத் திருப்பு" என்றார். சீட்டைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, துண்டைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

லாரி எதுவும் வரவில்லை. நான் வண்டியை வந்த வழிக்கே திருப்பினேன். கண்ணில் நீர் வந்து ரோடு கலங்கியது, துடைத்துக்கொண்டேன். தேனி வருவதற்குள் மறுபடியும் குறட்டை ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்குப் போக ஒரு மணி நேரம் போதும். அன்றைக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று நான் பார்க்கவில்லை. அவரை எழுப்ப மனம் வராமல், மெதுவாகவே ஓட்டினேன்.