விரல் வைத்தால் நேராகும் கழுத்து

என் நானாவுக்கு வந்த நோயை இரண்டு வருஷமாக நடிப்பு என்று நம்பியவன் நான். நம்பிவிட்டுச் சும்மா இருந்திருந்தாலும் பரவாயில்லை. பள்ளிவாசல் நிர்வாகத்து ஆட்கள் இரண்டு பேரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, அது நடிப்புத்தான் என்று நிரூபித்தும் காட்டினேன். நிரூபித்த கையோடு வீட்டுக்குப் போய், மீன் ஆணத்தோடு வயிறு முட்டச் சாப்பிட்டேன். நான் எவ்வளவு பெரிய மடையன் என்பதற்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி என்னிடம் இல்லை. தேடினால் கிடைக்கலாம்.

நானா என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஆலங்குடாக் கரையில் கருவாடு போடுகிறவர். நான் அதே கரையில் படகு எஞ்சின் திருத்துகிறவன். ஒரே வாப்பா, ஒரே உம்மா. ஆனால் வாயை அல்லாஹ் ஒருவனுக்குத்தான் கொடுத்தான். நானா ஒரு நாள் முழுக்கப் பேசுவதை நான் ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் பேசிவிடுவேன். ஆட்கள் என் கொட்டிலுக்கு வருவது எஞ்சினுக்காகவா பகிடிக்காகவா என்று எனக்கே நிச்சயமில்லை.

பேச்சுக் குறைந்த நானாவுக்கு ஓதல் அழகாக வரும். கரையோரத்தில் இருக்கிற எங்கள் சின்னப் பள்ளிக்கென்று மௌலவி கிடையாது. படகு வந்து, மீன் இறக்கி, கை கால் கழுவிக்கொண்டு வருகிறவர்களுக்குப் பின்னேரத்து அசர் தொழுவிப்பது நானா. பதினைந்து வருஷம் அவர்தான் முன்னால் நின்றார். கருவாட்டு மணம் போகும்வரை சவர்க்காரம் போட்டுக் குளித்து, அதற்கென்றே வைத்திருந்த வெள்ளை ஜுப்பாவைப் போட்டுக்கொண்டு வருவார். மற்ற நேரமெல்லாம் அவரை ஈ மொய்க்கும். அந்தக் கால் மணித்தியாலம் மட்டும் ஊர் அவருக்குப் பின்னால் நிற்கும்.

நாட்டில் சண்டை முடிந்து மூன்று நான்கு வருஷம் இருக்கும். கரையில் ஹோட்டல்கள் முளைத்து, வெள்ளைக்காரர்கள் இடுப்பில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் பறக்கத் தொடங்கிய காலம். அப்போதுதான் நானாவின் தலை வலது பக்கம் திரும்ப ஆரம்பித்தது. முதலில் பிடரியில் ஓர் இழுவை என்றார். பிறகு கதைத்துக்கொண்டிருக்கும்போதே முகம் மெல்ல மெல்ல வலது தோளை நோக்கிப் போகும். திருப்பி எடுப்பார். மறுபடி போகும். நடக்கும்போது இன்னும் மோசம். நேரே போகிற மனிதர் பக்கத்தில் எதையோ பார்த்துக்கொண்டே போவது போல இருக்கும்.

கடலைப் பார்த்து நின்றால் எங்களுக்கு வலது பக்கம் ஹோட்டல். எனக்கு வேறென்ன வேண்டும்?

"நானாக்கு ஒண்டுமில்ல. வெள்ளக்காரிகளப் பாத்துப் பாத்துக் கழுத்து அந்தப் பக்கமே நிண்டுட்டு" என்று கொட்டிலில் இருந்தவர்களிடம் சொன்னேன்.

அந்தி மஃரிபுக்கு முந்தி அந்தப் பகிடி கரை முழுக்கப் போய்விட்டது. அடுத்த நாள் ஐஸ் லொறிக்காரர் நானாவிடமே கேட்டார்.

"என்ன நானா, இண்டைக்கு எத்தின பேர் குளிக்கிறாங்க?"

நானாவால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் முடியவில்லை. அது ஹோட்டல் பக்கம்தான் இருந்தது.

பிறகு ஒரு நாள் அசரில் அது நடந்தது. நாலாவது ரக்அத்தும் முடிந்து கடைசி இருப்பில் இருக்கிறோம். பள்ளியில் சத்தம் இல்லை. இன்னும் கொஞ்சம் ஓதி முடித்துவிட்டுத்தான் நானா வலது பக்கம் தலையைத் திருப்பி, சத்தமாக ஸலாம் சொல்லித் தொழுகையை முடிக்க வேண்டும். ஆனால் தலை முந்திக்கொண்டது. தன்பாட்டில் வலது பக்கம் திரும்பிவிட்டது.

முதல் வரிசையில் காது மந்தமான ஒரு மாமா இருந்தார். அவர் கண்ணால் பார்த்துத்தான் பின்தொடர்ந்து தொழுகிறவர். நானாவின் முகம் திரும்பியதைக் கண்டதும், தொழுகை முடிந்தது என்று நினைத்து, காது கேட்காதவர்களுக்கே உரிய பெரிய குரலில் ஸலாம் கொடுத்தார். பின் வரிசைகள் அதை நானாவின் குரல் என்று நினைத்துத் தாங்களும் முடித்துக்கொண்டன. அரைவாசிப் பேர் எழும்பியும் விட்டார்கள். நானா மட்டும் முன்னால் இன்னும் இருப்பிலேயே இருந்தார், முதுகு நேராக, முகம் மட்டும் எங்களுக்குப் பாதி தெரிய. வேறொருவரை முன்னால் விட்டு எல்லோரும் திரும்பத் தொழுதோம். நானா கடைசி வரிசையில் நின்றார்.

அடுத்த நாள் நிர்வாகத்திலிருந்து இரண்டு பேர் என் கொட்டிலுக்கு வந்தார்கள். நானாவும் அங்கேதான் ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்திருந்தார். தாடையில் ஒரு விரலை வைத்துக்கொண்டிருந்தார். தலை நேராக இருந்தது.

"ஒங்கட நானாக்கு என்ன தம்பி? வருத்தமா, இல்லாட்டி..." என்று மூத்தவர் இழுத்தார்.

அந்த விரலைச் சில கிழமைகளாகவே நான் கவனித்து வந்திருந்தேன். தள்ளுவது கிடையாது, பிடிப்பது கிடையாது. சும்மா தாடையைத் தொட்டால் போதும், தலை திரும்பி வந்து நேரே நிற்கும். பழுது எங்கே என்று கண்டுபிடித்த மெக்கானிக்கின் சந்தோஷம் எனக்கு.

"வருத்தமெண்டா விரல வெச்சா நிக்குமா? நானா, விரல எடுங்க."

எடுத்தார். தலை வலது பக்கம் போனது.

"இப்ப வைங்க."

வைத்தார். தலை வந்தது.

"பாத்தீங்களா? சுவிச்சு மாதிரி. மனசு வெச்சா ஏலும். இது பழக்கம், வேறொண்டுமில்ல."

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நானா விரலை எடுக்காமலே, "வேற ஆள் நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

அதற்குப் பிறகு அவர் முன்னால் நிற்கவில்லை. பள்ளிக்கு வருவதையும் குறைத்துக்கொண்டார். மதினி அவரை முந்தல் ஊரில் ஒரு வெதமாத்தயாவிடம், சிங்கள நாட்டு வைத்தியரிடம், கூட்டிப் போய் எண்ணெய் போட்டுப் பார்த்தார். ஓதி ஊதிய தண்ணீரை நானா குடித்தார். நூல் கட்டினார். நான் என் பங்குக்கு, பழைய லைஃப் ஜக்கெட்டின் பஞ்சை வெட்டி, கழுத்து அசையாதபடி ஒரு பட்டி செய்து கொடுத்தேன். பழக்கத்தை முறிப்பதற்காம். கழுத்து அந்தப் பட்டியோடு நாள் முழுக்க மல்லுக்கட்டியது. ஒரு கிழமையில் இடது பக்கத்துத் தசை நங்கூரக் கயிறு போல முறுகித் தெரிந்தது. நானா பட்டியைக் கழற்றி, மடித்து, என்னிடமே திருப்பித் தந்தார்.

"நித்திரையில நேரா ஈக்குது தம்பி. எழும்பி ரெண்டு நிமிசத்துல போய்டுது" என்றார் மதினி ஒரு நாள்.

"அதத்தான் நானும் செல்றன் மதினி. நித்திரையில நடிக்க ஏலாதே."

மதினி என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. "நடிக்கிறவரு ஆருமில்லாத குசினிக்குள்ள போய் ஏன் அழுறாரு? சோத்துக் கை வாய்க்குப் போகாம கன்னத்துக்குப் போகுது. கொழும்புக்குக் கூட்டிட்டுப் போங்க. ஒங்களுக்குத்தான் சிங்களம் ஓடுமே."

போனேன். நல்ல மனசோடு போனேன் என்று சொன்னால் பொய். டாக்டரே சொல்லிவிட்டால் நானா திருந்திவிடுவார் என்று நினைத்துத்தான் போனேன். பஸ்ஸில் இடது ஜன்னல் பக்கம் அவரை உட்கார வைத்தேன். முந்தல் தாண்டும்வரை நானாவின் முகம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கூச்சமாக இருந்தது.

கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. நரம்பு டாக்டர் ஒரு சிங்களப் பெண். நானா கதிரையில் உட்கார்ந்ததும் பழக்கத்தில் விரலைத் தாடைக்குக் கொண்டுபோனார். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்தார்.

"இதை யார் சொல்லிக் கொடுத்தது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஒருத்தருமில்ல. தானா கண்டுபுடிச்ச" என்றார் நானா.

டாக்டர் பக்கத்து அறையிலிருந்து இரண்டு இளம் டாக்டர்களைக் கூப்பிட்டார். விரலை எடுக்கச் சொன்னார், வைக்கச் சொன்னார். என் கொட்டிலில் நான் செய்த அதே வேலை. ஆனால் இங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி நிதானமாக விளக்கினார். கழுத்தில் பழுதில்லை. மூளைக்கு உள்ளே, அசைவுகளுக்குக் கட்டளை கொடுக்கிற இடத்தில் பிழை. வேண்டாத தசைக்கு 'இழு, இழு' என்று கட்டளை போய்க்கொண்டே இருக்கிறது. மனசு வைத்து நிறுத்த முடியாது. பதற்றப்பட்டால் கூடும், ஆட்கள் பார்த்தால் கூடும், நித்திரையில் அடங்கும். தொட்டால் ஏன் நிற்கிறது என்று முழுசாகத் தெரியாது, ஆனால் இந்த நோயை அடையாளம் கண்டுகொள்ள அதுவே ஒரு வழி. அதைப் பார்த்துவிட்டு, இவர்கள் நடிக்கிறார்கள் என்று நினைக்கிற ஆட்களும் உண்டு.

நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். கடைசி வசனத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

"கடைசியா என்னமோ சென்னாங்களே?" என்றார் நானா.

"ஒண்டுமில்ல நானா. எந்த ஊரெண்டு கேட்டாங்க."

முப்பது வருஷம் சிங்கள முதலாளிமாருக்குக் கருவாடு விற்ற மனிதருக்கு அவ்வளவு சிங்களம் தெரியாது என்று எப்படி நினைத்தேனோ தெரியவில்லை. நானா விரலைத் தாடையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

ஊசி ஒன்று இருக்கிறது என்றார்கள். தசைக்கு நேரே போட்டு, அதன் இழுவையைத் தளர்த்தும் ஊசி. டாக்டர் கழுத்தின் இடது பக்கத்தைத் தடவி அடையாளம் வைத்தபோது என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"டொக்டர், தல போறது வலது பக்கம்."

"தெரியும். முகத்தை வலப்பக்கம் திருப்புகிற தசை இடது பக்கத்தில்தான் இருக்கிறது" என்றார். பின் பிடரியில் வலது பக்கமும் ஒன்று போட்டார். "மாறிவிடும் என்று நினைக்க வேண்டாம். மூன்று மாதத்தில் மருந்து விட்டுவிடும். திரும்ப வர வேண்டும்."

"எத்தின தடவ?"

அவர் தோளைக் குலுக்கவில்லை, சிரிக்கவுமில்லை. "நோய் இருக்கிறவரைக்கும்" என்றார்.

பத்து நாளில் தலை முக்கால்வாசி நேராக நின்றது. ஆனால் விழுங்கச் சிரமமாகிவிட்டது. தேத்தண்ணி மூக்கால் வந்தது. இரண்டு கிழமை கஞ்சியோடு கழித்தார். அது சரிவந்து, ஒரு மாதம் ஆறுதலாக இருந்து, பிறகு தலை மெல்ல மெல்லத் தன் பழைய இடத்துக்குப் போகத் தொடங்கியது. அடுத்த தடவை போனபோது மருந்து இருந்தது. அதற்கடுத்த தடவை வரவில்லை என்றார்கள். நாங்கள் விடியற்காலை பஸ் ஏறிப் போய், 'இல்லை' என்ற ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தோம். எஞ்சின் என்றால் கழற்றிப் பார்க்கலாம். ஒரு சாமான் இல்லாவிட்டால் வேறு எஞ்சினிலிருந்து எடுத்துப் பூட்டலாம். நானாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முகம் அங்குலம் அங்குலமாக என் பக்கம் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. பகிடி ஒன்றும் வாயில் வரவில்லை. வந்த ஒன்றிரண்டையும் விழுங்கிவிட்டேன்.

நிர்வாகத்து ஆட்களிடம் போய் என் பிழையைச் சொன்னேன். நானா திரும்ப முன்னால் நிற்க வேண்டும் என்றேன்.

"நாங்க எங்க தம்பி வேணாமெண்ட? நீங்கதானே செஞ்சி காட்டினீங்க" என்றார் மூத்தவர்.

நானா சம்மதிக்க எட்டு மாதம் எடுத்தது. மறுபடி ஊசி கிடைத்து, அதுவும் பிடித்து, விழுங்கலும் சரியாகியிருந்த ஒரு நாள், வெள்ளை ஜுப்பாவோடு அசருக்கு வந்தார். ஆட்கள் வழிவிட்டார்கள். நான் முந்திக்கொண்டு முதல் வரிசையில், அவருக்கு நேர் பின்னால் நின்றுகொண்டேன்.

தொழுதேன் என்று சொல்ல மாட்டேன். அவர் பிடரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் ரக்அத்து நேராக இருந்தது. சுஜூதில் நெற்றி பாயில் பட்டபோது, விரல் வைத்தது போலக் கழுத்து இன்னும் ஆறியது. இரண்டாவதும் நேர். மூன்றாவதில் ஜுப்பாவின் கழுத்துப் பட்டிக்கு மேலே அந்தத் தசை ஒருமுறை துடித்தது. "யா அல்லாஹ், பிடிச்சுக்கொள்" என்று நான் வாய்க்குள் சொன்னேன். பிடித்துக்கொள்ளவில்லை. முகம் போகத் தொடங்கியது. கடைசி இருப்பில் முழுசாக வலது பக்கம் போய்விட்டது.

காது மந்தமான மாமா அன்றைக்கும் முதல் வரிசையில்தான் இருந்தார். பக்கத்தில் இருந்தவர் மெல்ல ஒரு கையை அவர் தொடையில் வைத்தார். மாமா அசையவில்லை. பின்னால் ஒருவரும் அசையவில்லை. நானா ஓத வேண்டியதை எல்லாம் அப்படியே இருந்தபடி ஓதி முடித்து, ஏற்கெனவே திரும்பியிருந்த முகத்தோடு, சத்தமாக ஸலாம் சொன்னார். அதற்குப் பிறகுதான் எல்லோரும் சொன்னார்கள். இடது பக்கம் திருப்ப அவர் பட்ட பாட்டை நான் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

வெளியே நானா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நான் ஓடிப் போனேன்.

"நானா, நல்லா ஈந்துச்சு. மெய்யாத்தான் செல்றன்."

நானா தாடையில் விரலை வைத்து, தலையை நேரே கொண்டுவந்து, என்னைப் பார்த்தார்.

"ரெண்டு ரக்அத்து வரைக்கும் நல்லாத்தான் ஈந்துச்சு. பொறகு பின்னால ஒன்ட மூச்சு கேட்டுச்சு. நாளைக்கு நீ வேற பள்ளிக்குப் போ."