தொட்டி கழுவிய சனிக்கிழமை

போன வியாழக்கிழமை கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஒரு வாசகர் என்னை அடையாளம் கண்டுபிடித்துப் பக்கத்தில் வந்தார்.

"சாரே, பத்தியிலே லலிதா மாமி வந்து எட்டு மாசமாச்சே. சுகம்தானே?"

சுகம்தான் என்று அவசரமாகச் சொன்னேன். வாரா வாரம் மனைவியை வைத்தே பக்கத்தை நிரப்பிக்கொண்டிருந்தவன் திடீரென்று நிறுத்தினால் வாசகர் என்னதான் நினைப்பார்?

காரணம் எளிது. எழுதத் தடை. விதித்தவள் லலிதா. போன வாரம்தான் நீக்கினாள். ஆகவே, இதோ என் குற்றப்பத்திரிகை... எழுதியதும் நானே.

லலிதா உள்ளூர்க் கல்லூரி ஒன்றில் மைக்ரோபயாலஜி சொல்லிக்கொடுக்கிறாள். எங்கள் பெண் ஹாஸ்டலுக்குப் போன வருடம், நாற்பத்து மூன்றாவது வயதில், பிஎச்.டி.க்குப் பதிவு செய்தாள். வகுப்பு, சமையல், விடைத்தாள் திருத்தல் — நடுவே கிடைத்த நேரத்தில் ஆராய்ச்சி. ஐந்து வருடமாயிற்று. இரண்டு முறை கால நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. மூன்றாவது கிடையாது, மார்ச் கடைசிக்குள் தீஸிஸ் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் ஆராய்ச்சி இதுதான். தண்ணீரில் நீந்தித் திரியும் பாக்டீரியாவுக்கு, ஒரு சுவரில் மோதிவிட்டோம் என்று எப்படித் தெரிகிறது? தெரிந்ததும் ஏன் அங்கேயே குடியேறி, பிசின் சுரந்து, கூட்டமாக ஒரு படலமாகிவிடுகிறது? குடத்தின் உட்புறத்தில், குழாயின் வாயில், விரல் வைத்தால் வழவழவென்று இருக்கிறதே... அந்தப் படலம்தான். பயோஃபிலிம் என்று பெயர்.

இதைப் பார்க்க எங்கள் மொட்டைமாடித் தொட்டியில் பன்னிரண்டு கண்ணாடி ஸ்லைடுகளை நைலான் நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். வாரத்துக்கு ஒன்று வெளியே வரும். மைக்ராஸ்கோப்புக்குப் போகும். இதையெல்லாம் என்னிடம் விவரமாகச் சொன்னாளாம். நான் "ம்... ம்..." என்றேனாம். அன்று டிவியில் கிரிக்கெட் என்று நினைக்கிறேன்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. லலிதா கல்லூரிக்குப் போயிருந்தாள். அடுத்த வாரம் தஞ்சாவூரிலிருந்து அவள் அண்ணா வருவதாக இருந்தது. தண்ணீர் விஷயத்தில் அவர் ரொம்பக் கறார். டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். எனக்குத் திடீரென்று கடமை உணர்ச்சி வந்தது. கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் யாரும் சொல்லாமல் நான் செய்யப்போகும் முதல் வீட்டு வேலை.

ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவிலேயே இருக்கும், மலையாளம் கலந்து தமிழ் பேசும் பிளம்பர் சுகுமாரனைக் கூப்பிட்டேன். அவர் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினேன். பிளீச்சிங் பவுடர், தேங்காய் நார், இரண்டு மணி நேரம்.

நூலில் மிச்சமிருந்த ஆறு கண்ணாடிகள்? தண்ணீர் மட்டம் பார்க்க சுகுமாரன் எப்போதோ கட்டியது என்று நான் நினைத்தேன். நான் ஏதோ சாஸ்திரத்துக்குக் கட்டியது என்று சுகுமாரன் நினைத்தாராம். ஒவ்வொன்றாகத் தேய்த்து, பழைய வேட்டியால் துடைத்து, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக்கினேன்.

கடைசிக் கண்ணாடியைத் துடைக்கும்போதுதான் ஓரத்தில் கீறியிருந்த எழுத்தைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் எல், பக்கத்தில் பன்னிரண்டு. அந்த 'எல்' எனக்குத் தெரியும். வீட்டு மளிகை லிஸ்ட்டின் அடியில் அதுதான் கையெழுத்து.

தொட்டிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எந்தா சாரே, தலை சுத்துதா?" மேலிருந்து எட்டிப் பார்த்தார் சுகுமாரன்.

சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"சார் பயப்படண்டா. வழவழப்புத்தானே வேணும்? கஞ்சிவெள்ளம் தேச்சாப் போதும்."

"கண்டுபிடிச்சுட்டா?"

"எப்படிக் கண்டுபிடிக்கும்? கண்ணுக்கே தெரியாத சாதனமல்லே அது."

அந்த நேரத்தில் அது அசைக்க முடியாத வாதமாகப் பட்டது. காலையில் வடித்த கஞ்சி அடுக்களையில் இருந்தது. ஆறு ஸ்லைடுக்கும் இரண்டு கோட் பூசினோம். வெயிலில் காயவைத்தோம். தொட்டி நிரம்பியதும் பழையபடி கட்டினோம். சுகுமாரன் சற்றுத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "ஒரிஜினல்" என்றார்.

திங்கட்கிழமை லலிதா ஒரு ஸ்லைடை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனாள். சாயங்காலம் வந்தாள். காப்பி கலந்துகொண்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"ஏன்னா, தொட்டியிலே ஒரு பாக்டீரியாகூட இல்லை."

"நல்லதுதானே" என்றேன்.

"மாவு மாதிரி ஏதோ ஒட்டிண்டிருந்தது. ஒரு சொட்டு அயோடின் விட்டுப் பார்த்தேன். கருநீலமாயிடுத்து. ஸ்டார்ச்சாக்கும்." டம்ளரைக் கீழே வைத்தாள். "பாக்டீரியா சாதம் வடிக்கறதா நான் எங்கேயும் படிச்சதில்லை. ஆர் வடிச்சா?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். சுகுமாரனைக்கூடக் காட்டிக்கொடுத்துவிட்டேன்.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. மாடிப்படியில் போய் உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"இன்னும் ரெண்டு மாசந்தான் இருக்கு. மறுபடியும் பன்னிரண்டு வாரத்துக்கு நான் எங்கே போவேன்?"

நான் இரண்டு படி கீழே நின்றேன். கண்ணாடியைக் கழுவியதுகூடத் தெரியாமல் செய்தது. கஞ்சி பூசியது பயத்தில் செய்தது. ஆனால் அவள் ஐந்து வருடமாக என்னதான் செய்கிறாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லையே... அதற்கு என்ன சாக்கு சொல்ல?

வியாழனன்று காலை ஒரு காகிதத்தில் கட்டம் போட்டு என் முன்னால் வைத்தாள்.

"கழுவின தொட்டி, கழுவின கண்ணாடி. வாரக்கணக்கு போச்சு. முதல் பன்னிரண்டு மணி நேரத்தையாவது பார்க்கறேன். ஞாயித்துக்கிழமை காலம்பற ஆறு மணிக்குக் கட்டறேன். மணிக்கு ஒண்ணா நீங்கதான் ஏறி எடுக்கணும்."

பிளீச்சிங் வாசனை போகும்வரை தொட்டியை அலசி அலசி விட்டேன். கிணற்றுத் தண்ணீர் நிரப்பினேன். பிரின்ஸிபாலிடம் அனுமதி வாங்கி அவள் கொண்டுவந்த மைக்ராஸ்கோப் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தது. ஞாயிறு காலை அண்ணாவும் வந்து சேர்ந்தார்.

ஏறினேன், இறங்கினேன். மூன்றாவது நடையில் லலிதா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வாங்கோ, இங்கே பாருங்கோ."

ஒரு சொட்டுத் தொட்டித் தண்ணீர். அதற்குள் குட்டிக் குட்டிக் குச்சிகள். ஒன்று வேகமாக வந்து கண்ணாடியில் முட்டியது. கிறுகிறுவென்று சுற்றியது. விலகிப் போயிற்று. மறுபடி வந்தது.

"வாலைச் சுழட்டிண்டே நீந்தும்" என்றாள். "எதிலேயாவது முட்டினா வால் சரியாச் சுழலாது. அந்தத் தடங்கல்தான் அதுக்குச் சேதி. கண்ணு கெடையாது, காது கெடையாது. ஆனா தெரிஞ்சுடும்."

"தெரிஞ்ச உடனே ஒட்டிண்டுடுமா?"

"உடனே இல்லை. முதல்லே சும்மா தொட்டுப் பார்க்கும். நெறைய போயிடும். சிலது நிக்கும். நின்னது பிசின் சுரக்கும், மத்ததும் வந்து சேரும். அப்புறம் உங்க தேங்காய் நார்தான் வேணும்."

லேசாகச் சிரித்தாள். ஆறு நாளில் முதல் சிரிப்பு.

நான் இன்னொரு கேள்வி கேட்டேன். பிறகு இன்னொன்று. அவள் சொல்லிக்கொண்டே போனாள். அடுப்பில் குழம்பு தீய்ந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. வாசனை பிடித்து வந்த அண்ணாதான் அடுப்பை அணைத்தார். வந்த கையோடு மைக்ராஸ்கோப்பிலும் கண்ணை வைத்தார்.

"இது எந்தத் தண்ணி?"

"நம்ம தொட்டித் தண்ணிதான், அண்ணா."

"இப்போ நான் குடிச்சது?"

"அதேதான்."

அவர் இருந்த மூன்று நாளும் இளநீர்தான். வாய் கொப்பளிக்கவும்கூட.

அந்த ஒரு நாள், சின்ன அத்தியாயமாயிற்று. தொலைந்துபோன வாரங்களுக்கு அது ஈடில்லைதான். பெரிய அத்தியாயத்தைப் பாதியில் நிறுத்தித்தான் மார்ச்சில் தீஸிஸைக் கொடுத்தாள். முடிவு தெரியும்வரை ஒரு வரி எழுதக்கூடாது என்று எனக்கு உத்தரவும் போட்டாள்.

போன வாரம் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஸ்லைடுகள் ஏன் ஆறாவது வாரத்தோடு நின்றுவிட்டன என்று கேட்டார். நான் முன்வரிசைக்காரரின் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

"தொட்டி கழுவப்பட்டுவிட்டது" என்றாள். தீஸிஸிலும் அப்படித்தான் எழுதியிருந்தாள். செயப்பாட்டு வினை எத்தனை கருணையானது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அடுத்து அவர் அந்தச் சின்ன அத்தியாயத்தைப் பிரித்தார். அதிலேயே வெகுநேரம் நின்றார். நிறையக் கேட்டார். எல்லாவற்றுக்கும் லலிதா நிதானமாகப் பதில் சொன்னாள். கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்:

"மணி தவறாமல் சாம்பிள் எடுத்திருக்கிறார்களே. இந்த மாதிரி அஸிஸ்டென்ட் எங்களுக்கெல்லாம் கிடைப்பதில்லை. நீங்கள் எங்கே பிடித்தீர்கள், டாக்டர்?"

டாக்டர் என்று முதன்முதலாக ஒருவர் அவளைக் கூப்பிட்டார். லலிதா திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தாள்.

"வீட்டில் சும்மாதான் இருந்தார், சார்."

ஐந்து வருட ஆராய்ச்சியில் இந்த ஒரு முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.