கேழ்வரகுக் கஞ்சியோடு ஒரு கிரகப்பிரவேசம்

எங்கள் அம்மா நர்ஸ். குழந்தைகள் வார்டில் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், ஆபரேஷன் செய்து குடலை வயிற்றுக்கு வெளியே திறந்துவிட்ட பிள்ளைகளுக்கு மலம் சேரும் பையை ஒட்டிவிடுவதும் அவள் வேலை. அப்போது எனக்கு எட்டு வயது. என் வயதுப் பெண் ஒருத்தி, அந்தப் பையோடு பள்ளிக்கூடம் போகவே மாட்டேன் என்று வார்டில் அடம்பிடித்தாளாம். "நானே ஒரு நாள் ஒட்டிக்கிட்டு நாலு பேர் நடுவுல போயிட்டு வரேன். யாரும் கண்டுபிடிக்கலன்னா நீ ஸ்கூலுக்குப் போகணும்" என்று அம்மா பந்தயம் கட்டியிருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெருங்களத்தூரில் அத்தையின் புது ஃபிளாட்டில் கிரகப்பிரவேசம். அம்மா பைக்குள் கேழ்வரகுக் கஞ்சியை ஊற்றி, வயிற்றில் ஒட்டி, மேலே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். சொந்தக்காரர் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பந்தியில் இடம் போதாமல் என்னை மடியில் உட்கார்த்திக்கொண்டதுதான் வினை. முதுகில் என்னவோ கொழகொழவென்று அசைந்தது. சும்மா இருப்பேனா? புடவையை விலக்கிப் பார்த்துவிட்டு, பந்தி முழுக்கக் கேட்கும்படி, "ஐயையோ, அம்மா வயித்துல என்னமோ பை ஒட்டியிருக்கு!" என்று கத்தினேன். என் வாய் அப்படி.

அத்தை பாயச வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "அண்ணி, உடம்புக்கு என்னன்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று ஒரே அழுகை. அம்மா விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் இலையில் சாதம் ஆறிப்போனது.

முடிச்சூருக்குத் திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் அப்பா மெல்லச் சொன்னார்: "நம்ம பொண்ணு கண்டுபிடிச்சது அந்தக் குழந்தைக்குத் தெரியவா போகுது? விடு."

அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "தினம் அவ வயித்தைத் தொடறவ நான். பொய் சொல்லிட்டு எந்தக் கையால தொடறது?"

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் அம்மா சிரித்துக்கொண்டேதான் சொல்ல ஆரம்பித்தாள். தோற்றுப்போனதை அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டாளாம். அவள் எப்படி, எங்கே என்று விவரமெல்லாம் கேட்டுவிட்டு, "மடியில உக்காந்ததாலதான தெரிஞ்சுது? அப்ப நான் ஸ்கூலுக்குப் போறேன் சிஸ்டர். இந்தப் பை வந்ததுலேர்ந்து என்னை யாரும் கிட்டயே சேத்துக்கறதில்ல" என்றாளாம்.

சொல்லி முடிக்கையில் அம்மா அழுதுகொண்டிருந்தாள். எனக்கோ எரிச்சலாக வந்தது. அதுதான் பள்ளிக்கூடம் போகிறேன் என்று அவளே சொல்லிவிட்டாளே, இதில் அழ என்ன இருக்கிறது?