எலிகளைச் சாட்சிக்கு அழைத்தார்கள்

அண்ணி மகேஸ்வரியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அன்புக்கரசி சென்னையிலிருந்து பஸ் ஏறிவிட்டாள். விருத்தாசலத்தில் இறங்கி வீட்டுக்கு வந்தபோது, மகேஸ்வரியின் துணிமணிகளை மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வரவழைக்கப்பட்ட அவளுடைய அப்பா சாமிக்கண்ணு, கொடுத்த டீயைத் தொடாமல் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மகேஸ்வரி செய்த குற்றம், அவளுடைய இடது கால் வீங்கியது. யானைக்கால்.

பீங்கான் பொம்மையில் பிழைக்கும் குடும்பம் அது. அம்மா கொளஞ்சியம்மாள் பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிறவள். அண்ணன் இளவழகன் சூளையில் பொம்மை அடுக்குகிறவன். அரசுப் பள்ளியில் படித்து, உதவித்தொகையில் கல்லூரியைத் தாண்டிய அன்புக்கரசி, சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறாள். யானைக்கால் புழுவுக்கு உறவான ஒரு புழு எலிகளுக்கும் தொற்றும். அவள் வளர்க்கும் வெள்ளெலியின் உடம்பில் அது முதிர்ந்து குஞ்சுகளைப் பெருக்கும். கருப்பெலியின் உடம்பில் பெருகுமுன்பே செத்துப்போகும். பெற்றோர் வழி வந்த மரபணு செய்கிற வேலை. எந்த மரபணு, எப்படிச் செய்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

பொங்கலுக்கு வந்தபோது வீட்டாருக்குப் புரியட்டும் என்று இப்படிச் சொல்லியிருந்தாள்: "ஒரே சூளை, ஒரே தீ. ஒரு மண்ணு தாங்குது, ஒரு மண்ணு வெடிச்சிப் போவுது. எலியும் அப்படித்தாம்மா."

இப்போது கொளஞ்சியம்மாள் அதைத்தான் எடுத்து வீசினாள்.

"நீ சொன்னதுதானடி! பொம்ம வெடிச்சா நாங்க தீயவா கொற சொல்லுவோம்? மண்ணத்தான் சொல்லுவோம். எங்க வூட்ல யாருக்காவது கால் வீங்கியிருக்குதா? நாங்க கருப்பெலி. அவ வகையறா வெள்ளெலி. நாளைக்குப் பொறக்கப் போற புள்ளைக்கும் அந்த மண்ணுதான வரும்?"

அன்புக்கரசி இளவழகனிடம் திரும்பினாள். "அண்ணே, நீயாவது சொல்லு."

"நான் என்னத்தச் சொல்ல? படிச்சவ நீயே சொல்லிட்ட" என்று இளவழகன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஒரு பெண்ணைத் துரத்தத் துணிந்தவர்களுக்கு ஏதாவது ஒரு காரணம் கிடைத்தால் போதும். நேற்றுவரை ஜாதகம் இருந்தது. இன்று மரபணு அகப்பட்டிருக்கிறது.

"ஏம்மா, மனுசனும் எலியும் ஒண்ணா? அந்த எலிங்கள அண்ணன் தங்கச்சிக்குள்ளயே தலைமுறை தலைமுறையா சேத்து வச்சி, எல்லாத்தையும் ஒரே அச்சா ஆக்கி வச்சிருக்கோம்."

"கருமம், கருமம்! இதுக்கா ஒன்ன படிக்க வச்சோம்?"

"கேளும்மா. உண்ணி கடிச்சாத்தான் அந்தப் புழு எலிக்குள்ள போவும். உண்ணி இல்லாத கூண்டுல வெள்ளெலியும் நல்லாத்தான் இருக்குது. நமக்குக் கொசு. வூட்டுக்குப் பின்னால சாக்கடை வருசக்கணக்கா தேங்கிக் கெடக்குது. முனிசிபாலிட்டிய ஒருத்தராவது கேட்டீங்களா? ஒரு பொம்பள கால் வீங்குனா மட்டும் நாயம் பேச வந்துடுறீங்க. யானைக்கால் வராம இருக்க வூடு தேடி வந்து குடுத்த மாத்திரைய என்ன பண்ணுன?"

"தலை சுத்துது, அதான் சாக்கடையில போட்டேன்" என்றாள் கொளஞ்சியம்மாள்.

அன்புக்கரசி பஸ்ஸிலிருந்தே போன் செய்திருந்த சுகாதார நர்ஸ் ஜெயஸ்ரீ அந்நேரம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பட்டையில் விட்டால், புழு இருக்கிறதா என்பதைக் கோடு காட்டிவிடும். ஒரு கோடென்றால் இல்லை, இரண்டென்றால் உண்டு.

"எல்லாருக்கும் எடுங்க. எனக்கும்" என்றாள் அன்புக்கரசி.

"எடு, எடு! எனக்கென்ன பயம்?" என்று கொளஞ்சியம்மாள் விரலை நீட்டினாள்.

பயம் அன்புக்கரசிக்குத்தான். வீக்கமே இல்லாதவர் ரத்தத்தில் புழு இருக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் இந்த வீட்டில் இருந்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மகேஸ்வரிக்கு மட்டும் இரண்டு கோடு விழுந்தால்? வழக்கைத் தானே முடித்துக் கொடுத்ததாகிவிடும். பட்டைகள் மெல்ல ஈரம் இழுத்தன. மகேஸ்வரி வீங்கிய காலைப் புடவையால் மூடிக்கொண்டாள்.

ஜெயஸ்ரீ குனிந்து பார்த்தாள். "இளவழகன், கொஞ்சம் வெளிய வாங்க."

"இங்கயே சொல்லுங்க நர்ஸம்மா. எனக்கென்ன ஒளிவுமறைவு?"

"ஒங்க ஒடம்புல புழு இருக்குது. மத்தவங்களுக்கு இல்ல."

"அவளுக்கு?" கொளஞ்சியம்மாளின் குரல் கீச்சிட்டது.

"இல்ல. அவங்களுக்கு வந்த புழு எப்பவோ செத்துப்போச்சி. அது நெணநீர் ஓடற கொழாய அடச்சிட்டுப் போனதுதான் வீக்கம். கால தினம் சோப்பு போட்டுக் கழுவிப் பாத்துக்கணும். கொசு இப்ப எடுத்துட்டுப் போவறது ஒங்க புள்ளகிட்டேர்ந்துதான். நாளைக்கு வந்து மாத்திரை வாங்கிக்கச் சொல்லுங்க."

இளவழகன் தன் கால்களைக் குனிந்து பார்த்தான். கொளஞ்சியம்மாள் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெருவுல யார்கிட்டயும் சொல்லிடாதம்மா." பிறகு மருமகளிடம் திரும்பி, "சரி மகேசு, ஆனது ஆயிப்போச்சி. அப்பாவுக்குச் சோறு போடு" என்றாள்.

மகேஸ்வரி அப்போதுதான் வாய் திறந்தாள்.

"வேணாம் அத்த. அவரு மாத்திரை சாப்டட்டும், நல்லா ஆவட்டும். புழு இருக்குதுன்னு அவர வெரட்டச் சொல்ல மாட்டேன். ஆனா என்ன வெரட்டறப்ப அவரு ஒரு வார்த்த பேசல. வாங்கப்பா."

அவள் காலை இழுத்தபடி வெளியே நடந்தாள். சாமிக்கண்ணு பின்னாலேயே போனார்.

"ஏண்டி, மசமசன்னு நிக்கிற? ஒன் அண்ணிய நிறுத்துடி! அதுக்குத்தான ஓடியாந்த?"

"எந்த மொகத்த வச்சிக்கிட்டும்மா?" என்றாள் அன்புக்கரசி. அண்ணன் பக்கம் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு, அவர்களை பஸ் ஏற்றிவிடப் புறப்பட்டாள்.