இடித்த சாமி மேடை

மலேசியாவில், செனாய் நகரில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டை விற்க முடிவு செய்தோம். கையிலிருந்த பணம் ஒரே ஒரு வேலைக்குத்தான் போதும். ஒழுகும் குளியலறைக் குழாயை மாற்றலாம் என்றேன். வீட்டு ஏஜெண்ட், அவரும் தமிழர்தான், கேட்கவில்லை.

"குழாய யாரு பாக்கப் போறாங்க அக்கா? ஹால்ல இருக்கிற சாமி மேடைய இடிச்சிடுங்க லா. மத்த இனத்துக்காரங்க பாத்தா வாங்க மாட்டாங்க."

என் கணவர் தன் கையாலேயே டைல்ஸ் பதித்துக் கட்டிய மேடை அது. மனசே இல்லாமல் சம்மதித்தேன். இடித்துப் பூசி வெள்ளையடித்ததோடு பணம் தீர்ந்தது. சாமி படங்கள் துணி அலமாரிக்குள் போயின.

முதலில் வீடு பார்க்க வந்ததோ ஒரு தமிழ்த் தம்பதி! ஹாலைச் சுற்றிப் பார்த்த அந்தப் பெண், "சாமி மேடை இல்லையாக்கா?" என்றாள். அவள் கணவர் குளியலறையிலிருந்து, "இங்க குழாய் ஒழுகுது" என்று குரல் கொடுத்தார்.

ஏஜெண்ட் கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: "மேடைதானே, அக்கா புதுசா கட்டிக் கொடுத்திடுவாங்க!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றே அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த சம்பளத்தில் குழாயை மாற்றினோம். இப்போது யார் வீடு பார்க்க வந்தாலும், படங்களை ஹாலில் வைத்து விளக்கேற்றிய பிறகுதான் கதவைத் திறக்கிறேன். பிடிக்காதவர்கள் வாசலோடு திரும்பிப் போகட்டும். நான் விற்பது வீட்டை மட்டும்தான்.